ஹில்டேவுக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில்

அழைப்பு மணி இருந்தும் அதை அழுத்தாமல், வெளிக்கதவுக்கு அப்பால் நின்று குரல் கொடுத்தாள். என் முதல் சந்தேகம் அங்கேதான் பிறந்தது.

“வீட்டுக்காரரே! வீட்டுல இருக்கீங்களா?”

எங்கள் ஷ்கோடர் ஊரில் இப்போது யாரும் இப்படிக் கூப்பிடுவதில்லை. மலையிலிருந்து பாலாடைக்கட்டி கொண்டுவருகிறவர்கள்கூட கைபேசியில் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்கள். வாசலில் நின்று பெயர் சொல்லாமல் வீட்டுக்காரரை அழைப்பதும், உள்ளேயிருந்து பதில் வரும்வரை கதவைத் தொடாமல் இருப்பதும் போருக்கு முந்திய காலத்து வழக்கம். போய்த் திறந்தேன். வைக்கோல் நிறத் தலைமுடி, மழைக்கோட்டு, நாற்பது வயது இருக்கும். பெல்ஜியத்திலிருந்து பாடம் கேட்டுக் கடிதம் எழுதியிருந்த ஹில்டே.

“வெளிநாட்டுக்காரிதானே நீ? இந்தக் கூப்பாட்டை எங்க கத்துக்கிட்ட?”

“தப்பா கூப்பிட்டுட்டேனா டீச்சர்?”

“தப்பில்ல. அதனாலதான் கேக்கறேன்.”

என் பெயர் தெரேஸே. முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் அல்பேனிய மொழி கற்பித்தவள். ஓய்வு பெற்றபின் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டில் பாடம் எடுக்கிறேன். பாதிரியார்கள் வருவார்கள், கன்னியாஸ்திரிகள் வருவார்கள், எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மாமியாரோடு மல்லுக்கட்ட வார்த்தையில்லாமல் தவிக்கும் ஒரு ஜெர்மன்காரர் வருவார். ஆறு மாதம் படித்தாலும் ‘ஒரு காபி கொடுங்கள்’ என்பதைத் தாண்டமாட்டார்கள். அதனாலேயே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

இவள் அந்த ரகம் இல்லை. “காபி குடிக்கிறியா?” என்றேன். தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினாள். நாங்கள் ‘ஆமாம்’ என்பதற்கு ஆட்டுகிற அதே ஆட்டம். வெளிநாட்டுக்காரர்கள் இதில்தான் வருஷக்கணக்காகத் தடுக்கி விழுவார்கள். வாக்கியத்தைப் புத்தகத்தில் படிக்கலாம், சரி. கழுத்துக்கு யார் பாடம் எடுத்தது?

முற்றத்தைக் கடக்கும்போது சட்டென்று நின்றாள். “கிணறு எங்க டீச்சர்?”

“எந்தக் கிணறு?”

“பழைய வீடுகள்ல இருக்குமேன்னு கேட்டேன்.”

எங்கள் கிணற்றை எழுபத்தெட்டாம் வருஷம் மூடி மேலே கல் பாவிவிட்டோம். என் மகளுக்கே அங்கே கிணறு இருந்தது தெரியாது. இவள் பொதுவாகக் கேட்டது போலத்தான் சொன்னாள். ஆனால் கண் போன இடம் மிகச் சரியான இடம். காபி போடும்போது என் கண் முற்றத்திலேயே இருந்தது. பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த வீடு முஜானி குடும்பத்தாருடையது. ஐம்பத்தொன்றாம் வருஷம், கம்யூனிஸ்ட் ஆட்சியில், அந்த வீட்டுப் பையன் லாஸர், பதினேழு வயது, புனா ஆற்றை நீந்தி எல்லை தாண்டி ஓடிவிட்டான். அதற்குத் தண்டனையாக அடுத்த வாரம் அவன் அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் லாரியில் ஏற்றித் தெற்கே சதுப்பு நிலத்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று பேரும் அங்கேயே செத்துப்போனார்கள். அடுத்த மாதம் வீட்டுச் சாவி என் அப்பாவின் கைக்கு வந்தது. அப்பா கட்சியின் தெருக் குழுவில் இருந்தார். சாவி ஏன் அவர் கைக்கு வந்தது என்று நான் கேட்டதேயில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

நான் பிறந்தது இங்கேதான். என் கணவர் இறந்ததும் இங்கேதான். ஆட்சி மாறியபின் நகராட்சி எனக்கு ஒரு காகிதம் கொடுத்தது. பழைய சொந்தக்காரரோ வாரிசோ வந்து நிற்காதவரை அது செல்லும். வந்து நின்றால், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மகள் மிலானில் ஒற்றை அறையில் நான்கு பேரோடு இருக்கிறாள். எனக்குப் போக வேறு போக்கிடம் கிடையாது. இருபத்து மூன்று வருஷமாக யார் கதவைத் தட்டினாலும் அந்த வாரிசோ என்றுதான் முதலில் நினைப்பேன்.

எதிர்வீட்டில் பாஷ்கு அண்ணன் சைக்கிள் பழுது பார்க்கிறார். எழுபத்தெட்டு வயது. ஹில்டே போன உடனே அவர் கடைக்கு ஓடினேன்.

“யாரோட பொண்ணுன்னு கேட்டியா?” என்றார். யாரைப் பார்த்தாலும் எங்கள் முதல் கேள்வி அதுதான்.

“பெல்ஜியத்துல எங்கயோ நர்ஸாம். அப்பன் பேரச் சொன்னா, வாயில நுழையல.”

“அப்புறம் என்ன? நர்ஸ்னா ஊசிதான் போடுவா. வீட்ட எழுதி வாங்கமாட்டா.”

“கிணறு எங்கன்னு கேக்கறா, அண்ணே!”

சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “கிணறா?” கையைத் துணியில் துடைத்தார். பிறகு பழைய சிரிப்பு வந்துவிட்டது. “போனாப் போகுது, தெரேஸே. வீடு போயிட்டா இங்க வா. பஞ்சர் ஒட்டக் கத்துத் தரேன். உன் நாக்கு பிடிச்சா விடாது, பசையே தேவைப்படாது.”

“உங்களுக்கு எல்லாம் வேடிக்கை.”

“வேடிக்கை இல்லம்மா. உங்க அப்பா காலத்துலேர்ந்து பாக்கறேன். உங்க வீட்டுல எல்லாருக்கும் காது பெருசு, தூக்கம் சின்னது.”

வாரம் மூன்று நாள், காலை பத்து மணிக்கு வந்தாள். தலைநகரத்தில் மிக உயர்ந்த நிலை மொழித் தேர்வு எழுதப்போகிறேன், அதற்குத்தான் பாடம் என்றாள். முதல் நாள் ஒரு நாளிதழ்த் தலையங்கத்தைக் கொடுத்தேன். எங்கள் ஊர்க்காரர்களே இரண்டு முறை படித்துத் தலையைச் சொறியும் எழுத்து அது.

“எழுதினவர் மந்திரியத் திட்டறாரா, காக்கா பிடிக்கறாரா?” என்று கேட்டேன்.

“ரெண்டும்தான் டீச்சர். திட்ட ஆரம்பிச்சு, பாதி வழில மனசு மாறி, கடைசிப் பத்தியில வேலை கேக்கறார்.”

வேறு யாராவது இருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். முப்பத்தாறு வருஷத்தில் இப்படிப் பதில் சொன்ன மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் எனக்குப் பெருமை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு தெரிந்தவள் என்னிடம் எதற்கு வர வேண்டும்?

தேர்வு நடத்தும் அலுவலகத்தில் என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். போனில் கேட்டேன். “அவங்களா? போன வருஷமே எழுதிட்டாங்களே டீச்சர்,” என்றாள். “அந்த வருஷம் அவங்கதான் முதல். பேச்சுத் தேர்வுல கேள்வி கேட்ட புரொபசருக்கே வேர்த்துப் போச்சு.”

ஆக, பொய். நான் ஹில்டேவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பொய்யைப் பிடித்துவிட்டால் அவள் வேறொரு பொய்க்குத் தாவிவிடுவாள். இதுவாவது எனக்குத் தெரிந்த பொய்.

மூன்றாவது வாரம் அவள் கை கழுவப் போனபோது, மேசைமேல் இருந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பிறர் நோட்டைத் திறப்பது கேவலம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உள்ளே ஒரு பழைய தாள் மடித்து வைத்திருந்தது. அதில் என் வீட்டின் படம். நடுங்கும் கையால் பென்சிலில் வரைந்தது. முற்றம், கிணறு, மாடிப்படி, மாடியில் விருந்தினர் கூடம், அதன் கணப்பு அடுப்புவரை. கூடத்தின் வாசலில் மட்டும் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி.

அவள் திரும்பி வரும்போது நான் ஜன்னல் ஓரம் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொட்டியில் செடியே இல்லை என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

அன்றைக்கு அவள் கேட்ட பாடம் புத்தகத்தில் இல்லாதது. யார் வீட்டில் என்ன நடந்தால் எந்த வார்த்தை சொல்வது? பிள்ளை பிறந்தால், கூரை போட்டால், பட்டாளத்திலிருந்து மகன் திரும்பினால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கள் மொழியில் தேர்ந்தவர் என்றால் இதில்தான் தெரியும். இதற்கெல்லாம் ஒரு சொல் உண்டு, அதற்கு ஒரு மறுசொல் உண்டு. மாற்றிச் சொன்னால் பேச்சுவார்த்தையே அறுந்துபோகும். சொல்லிக்கொண்டே வந்தேன்.

“சாவு வீட்டுல டீச்சர்? வாசல்ல நிக்கறவங்க என்ன சொல்லணும்?”

“துக்கம் கேக்கப் போறவங்க என்ன சொல்லணும்னு கேளு. நீ போற ஆளுதானே.”

“இல்ல டீச்சர். வீட்டுக்காரங்க. வந்தவங்களுக்கு வீட்டுக்காரங்க சொல்ற பதில்.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வீட்டுக்காரங்களாம்! என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் காபியைக் குடித்துக்கொண்டு, என் வாசலில் நிற்க ஒத்திகை பார்க்கிறாள். என் சாவுக்கே தயாராகிறாளோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

சரியான பதில் எளிது. ‘நீங்கள் நலமாக இருங்கள்’ என்று சொல்ல வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை.

“வந்தவங்க கையப் பிடிச்சுக்கிட்டு, ‘உங்க வீட்டுலயும் இதே மாதிரி நடக்கட்டும்’னு சொல்லணும்,” என்றேன்.

கல்யாண வீட்டில் வாழ்த்த வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் அது. சாவு வீட்டில் அதைச் சொன்னால் கேட்டவர் காறித் துப்பிவிட்டுப் போவார். அவர் மகன் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பான்.

ஹில்டேயின் பேனா நின்றது. “இதேதானா டீச்சர்?”

“இதேதான்.”

“ஒரு கையாலயா, ரெண்டு கையாலயா?”

“ரெண்டு கையாலயும்.”

எழுதிக்கொண்டாள். அடியில் கோடுகூடப் போட்டாள். அன்று மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, பாடம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, கறுப்பு உடையில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“அவர் போயிட்டார் டீச்சர்.”

“யாரு?”

“லாஸர் முஜானி. இந்த வீட்டுல பொறந்தவர்.”

முற்றத்தில் கிடந்த மர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஊகித்தது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும், இருபத்து மூன்று வருஷம் எதிர்பார்த்த பெயரைக் காதால் கேட்டபோது தாங்க முடியவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொன்னாள். ஆண்ட்வெர்ப்பில் அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு லாஸரும் அவர் மனைவியும் பதினொரு வருஷம் முன்பு வந்தார்கள். குழந்தை கிடையாது. அடுத்த ஆண்டே மனைவி இறந்துபோனார்.

“அன்னிக்கு அறையில நாற்காலியெல்லாம் வரிசையாப் போட்டுட்டு வாசல்ல போய் நின்னார், டீச்சர். ஏன் நிக்கறீங்கன்னு கேட்டேன். ஆளுங்க வருவாங்கன்னார். யாரு வருவா? அங்க யாருக்குத் தெரியும்? சாயங்காலம் வரைக்கும் நின்னார். கடைசில நானே வெளிய போயிட்டுத் திரும்பி வந்து அவர் கையப் பிடிச்சேன். அன்னிலேர்ந்துதான் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார்.”

“சரி. என்கிட்ட எதுக்கு வந்த?”

“பாடம் எடுக்கறதா நீங்க போட்ட விளம்பரத்துல உங்க விலாசம் இருந்தது. அவர் வீட்டு விலாசம். ‘போய்ப் பாரு, எப்படிப்பட்டவங்கன்னு பாரு, அப்புறம் கேளு’ன்னார்.”

“என்னத்தக் கேக்க?”

தாளை எடுத்து விரித்தாள். நான் ஏற்கெனவே திருட்டுத்தனமாகப் பார்த்த அதே படம். பெருக்கல் குறியில் விரலை வைத்தாள். “நான் நிக்க வேண்டிய இடம். சனிக்கிழமை பெல்ஜியத்துலேர்ந்து அவரை இங்க கொண்டுவராங்க. அடக்கம் முடிஞ்சதும் அவர் காபிய அவர் வீட்டுல குடிக்கணும். ஒரே ஒரு நாள், டீச்சர். கூடத்தத் திறந்து விடணும். வாசல்ல நான் நிக்கணும்.”

வேறு ஊரில் இது சின்ன உதவி. எங்கள் ஊரில் அப்படியில்லை. கல்லறையிலிருந்து எல்லோரும் நேராக இறந்தவர் வீட்டுக்கு வருவார்கள். வாசலில் நிற்கும் உறவுக்காரர் கையைப் பிடித்துத் துக்கம் சொல்லிவிட்டு, உள்ளே உட்கார்ந்து சர்க்கரை போடாத காபி குடிப்பார்கள். எந்த வாசலில் கை கொடுக்கிறார்களோ அது இறந்தவர் வீடு. நாற்பது பேர் அவள் கையைப் பிடித்துவிட்டால், இது முஜானி வீடு என்று தெரு மொத்தமும் சாட்சி சொன்னதாகிவிடும். முடியாது என்றும் சொல்ல முடியாது. சாவுக்குக் கதவைச் சாத்தியவளை எங்கள் ஊரில் மனுஷியாகவே எண்ணமாட்டார்கள்.

“உயில் எழுதியிருக்காரா?” என்று கேட்டேன்.

“எழுதியிருக்கார். எல்லாம் என் பேர்ல.”

“இந்த வீடும்?”

இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

நான் அப்போது சொன்னதை இன்றுவரை ஒருவரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பாஷ்கு அண்ணனுக்கு ஊர் வாயிலாகத்தான் தெரிந்தது. “முதல்ல நோட்டரிகிட்ட வா,” என்றேன். “வீட்டு மேல உனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. அப்புறம் கூடத்தத் திறக்கறேன்.”

“துக்கத்துக்குக் காகிதமா, டீச்சர்?”

“உன்கிட்ட உயில் இருக்கு. என்கிட்ட என்ன இருக்கு?”

தாளை மடித்துப் பையில் வைத்தாள். “வியாழக்கிழமை காலைல வரேன்,” என்றாள்.

நோட்டரி அலுவலகத்தில் வெளிநாட்டுக்காரிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குமாஸ்தா அடம் பிடித்தான். “நான் படிச்சுக் காட்டறேன், நீங்க பாத்துக்கோங்க,” என்று சொல்லி, பத்திரத்தை வாங்கி உரக்கப் படித்தாள். நோட்டரிகள் ஒருவருக்கும் புரியக்கூடாது என்று எழுதுகிற மொழி அது. ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“இதுல வீடுன்னு மட்டும்தான் இருக்கு. முற்றம் வரல. மூடின கிணறு வரல. வெளிச்சுவரும் வரல. நாளைக்கு யாராவது வந்து முற்றம் எனக்குன்னு கேட்டா? அதையும் சேருங்க சார். இல்லாட்டி டீச்சருக்குத் தூக்கம் வராது.”

நோட்டரி என்னைப் பார்த்தார். குமாஸ்தா என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். கிணற்றையும் சேர்த்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். நான் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

திரும்பி நடக்கும்போதுதான் அந்தப் பாடம் நினைவுக்கு வந்தது. ‘உங்கள் வீட்டிலும் இதே மாதிரி நடக்கட்டும்.’ இவள் சனிக்கிழமை வாசலில் நின்று, வருகிற நாற்பது பேரிடமும், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லப்போகிறாள். சொல்லிவிட வாயெடுத்தேன்.

“கப் எத்தனை வேணும், டீச்சர்?” என்று கேட்டாள்.

“நாப்பது,” என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை. சொன்னால், ஏன் மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் கூடத்தைத் துடைத்தாள், நான் கப்புகளைத் துடைத்தேன். அன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வெளிக்கதவை விரியத் திறந்து வைத்தேன். கல்லறையிலிருந்து ஆட்கள் நடந்து வந்தார்கள். லாஸரை நேரில் பார்த்தவர்கள் நான்கைந்து பேர்தான் மிச்சம். மற்றவர்கள் பெயரைக் கேட்டு வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. ஹில்டே மாடிக் கூடத்தின் வாசலில், படத்தில் குறி போட்ட இடத்தில் நின்றாள். ஆண் துணை இல்லாத வீட்டில் பெண் நிற்பது வழக்கத்துக்குச் சற்று இடறல்தான். யாரும் முணுமுணுக்கவில்லை. நான் காபித் தட்டோடு உள்ளே, கணப்படுப்பு ஓரம் நின்றேன்.

முதலில் ஏறி வந்தது, அந்த நான்கைந்து பேரில் ஒருவரான பாஷ்கு அண்ணன். கோட்டுப் போட்டு, முகம் மழித்து, ஆளே மாறியிருந்தார். அவள் கையைப் பிடித்து, “உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்,” என்றார்.

ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தலாமா என்று நினைத்தேன்.

ஹில்டே இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க நல்லா இருங்க,” என்றாள். “உங்க பிள்ளைங்க நல்லா இருக்கட்டும். அவர் வாழாத வருஷத்தையெல்லாம் நீங்க இருந்து அனுபவிங்க.”

கடைசி வாக்கியம் நான் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. என் பாட்டன் தலைமுறையோடு ஷ்கோடரில் வழக்கொழிந்துபோன வாக்கியம். பாஷ்கு அண்ணன் அவள் கையை விடவில்லை. “அவன் பேசற மாதிரியே இருக்கு,” என்றார். “அதே இழுப்பு. லாஸர்தான் பேசறான்.” பிறகு கூடத்துக்குள் வந்து உட்காரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பி, அவளுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர்கள் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. மனைவி செத்த அன்று அறை வாசலில் நின்ற கிழவர் கையை இவள் பிடித்தபோது, அவர் இவளுக்குச் சொன்ன பதில் இதுதானே? இவள் கற்றுக்கொண்ட முதல் வார்த்தையே இதுதான். நான் பொய்யைச் சொல்லிக்கொடுத்தபோது, பொய் என்று தெரிந்தேதான் கோடு போட்டு எழுதிக்கொண்டாள்.

வந்தவர்கள் அவள் கையைப் பிடித்தார்கள், பாஷ்கு அண்ணன் கையைப் பிடித்தார்கள். என்னிடம் காபி வாங்கிக்கொண்டார்கள். நோட்டரி குமாஸ்தாவின் வாய் இரண்டு நாளில் ஊரைச் சுற்றிவிட்டிருந்தது என்பது அவர்கள் கப்பை எடுத்த விதத்தில் தெரிந்தது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பிறந்த வீட்டில், அறுபதாம் வயதில், கூலிக்குக் காபி கொடுக்க வந்தவள் மாதிரி நின்றேன்.

மூன்று மணிக்கு எல்லோரும் இறங்கியபின் சமையலறையில் அவளைப் பிடித்தேன்.

“அன்னிக்கே தெரியுமா உனக்கு?”

“தெரியும் டீச்சர்.”

“அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல? ஏன் வந்துக்கிட்டே இருந்த?”

“கதவு உங்ககிட்டதானே இருந்தது,” என்றாள். கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இன்னிக்கு நான் சொல்லிக்கொடுத்ததச் சொல்லி என் மானத்த வாங்கியிருக்கலாம்.”

“உங்க மானமா போயிருக்கும்? அவர் காபியில்ல கெட்டுப்போயிருக்கும்.” கடைசிக் கப்பைத் துடைத்துக் கவிழ்த்தாள். “எனக்குச் சாயங்காலம் பேருந்து.”

வெளிக்கதவுவரை கூடப் போனேன். தெருவில் பாஷ்கு அண்ணனும் இன்னும் ஐந்தாறு பேரும் அவளைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போகக் காத்திருந்தார்கள். நிலைப்படியைத் தாண்டி நின்று, அவள் திரும்பினாள்.

“உத்தரவு கொடுங்க, டீச்சர்.”

விடைபெறும் விருந்தாளிக்கு வீட்டுக்காரர் சொல்லும் வார்த்தை எங்களிடம் ஒன்று உண்டு. ‘மறுபடி வா, இது உன் வீடு.’ மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவருக்குச் சொல்வோம், சிலிண்டர் போட வருகிறவருக்குச் சொல்வோம். யோசித்துச் சொல்கிற வார்த்தையே இல்லை. முப்பத்தாறு வருஷம் முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

“மறுபடி வா,” என்றேன்.

மீதி வரவில்லை. மடித்த காகிதம் இடுப்பில் கட்டிய சமையல் துணியின் பைக்குள் இருந்தது. கிணறும் முற்றமும் சுவரும் எல்லாம் அதில் இருந்தன, எல்லாம் என் பெயரில். வாயைத் திறந்தேன், மூடினேன். தெருவில் நின்றவர்கள் எல்லோரும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹில்டே காத்திருந்தாள். பிறகு, தடுமாறும் மாணவிக்கு எடுத்துக் கொடுப்பதுபோல, மிக மெதுவாகச் சொன்னாள். “அதுக்கு அப்புறம் இன்னொன்னு வரும், டீச்சர்.”

“எனக்குத் தெரியும்,” என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பாஷ்கு அண்ணன் அவள் பையை வாங்கித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டார், எல்லோரும் கிளம்பினார்கள்.